சப்பாத்திக்கள்ளி மட்டை: கொழகொழப்பை ஏன் கொட்டக் கூடாது?

கேள்வி: சப்பாத்திக்கள்ளி மட்டையில் பாலைவிட அதிகக் கால்சியம் உண்டென்கிறார்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுக்கும் நான் இதைச் சாப்பிடலாமா? கொழகொழப்பை எப்படிப் போக்குவது?

பதில்: 100 கிராம் பச்சை மட்டையில் சுமார் 164 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அதே எடைப் பாலில் ஏறக்குறைய 120தான். ஆனாலும் இந்தக் கணக்கை நம்பிப் பாலை நிறுத்தாதீர்கள். மட்டையிலுள்ள கால்சியத்தில் பெரும்பகுதி ஆக்சலேட் என்ற தாவர உப்போடு பிணைந்து கரையாத படிகமாகக் கிடக்கிறது. குடல் அதைச் சரிவர உறிஞ்சுவதில்லை. வேகவைத்தால் 257 மில்லிகிராம் பொட்டாசியம் 195 ஆகவும், வைட்டமின் சி 9லிருந்து 5 ஆகவும் குறைகின்றன. கால்சியம் மட்டும் அப்படியே நிற்கிறது. ஆக்சலேட் இருப்பதால், சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.

மட்டையின் உண்மையான மதிப்பு நீங்கள் போக்க நினைக்கும் கொழகொழப்பில்தான் இருக்கிறது. நூறு கிராமில் 94 கிராம் தண்ணீர், மாவுச்சத்தும் சர்க்கரையும் நார்ச்சத்துமாகச் சேர்ந்தே 3.3 கிராம், அதில் நார் மட்டும் 2.2. கலோரி வெறும் 16. கரையும் நாரான அந்தக் கொழகொழப்பு குடலில் கூழாகி, கூடச் சாப்பிட்ட மாவுச்சத்து சர்க்கரையாக இரத்தத்தில் சேரும் வேகத்தைக் குறைக்கிறது. மட்டையை அன்றாடக் காய்கறியாக உண்ணும் மெக்சிகோவில் நடந்த சிறு ஆய்வுகளில், உணவுக்குப் பிந்தைய சர்க்கரை உயர்வு மட்டுப்பட்டது. மாத்திரைக்கு இது மாற்றல்ல. மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அரைக் கோப்பையில் தொடங்குங்கள். சாப்பிடுமுன்னும் 2 மணி நேரம் கழித்தும் இரத்தச் சர்க்கரையை அளந்து பாருங்கள். இன்சுலின் போடுபவர்களுக்குச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடக்கூடும்.

ஆகவே கொதிக்கவைத்து நீரைக் கொட்டும் முறையை நான் பரிந்துரைப்பதில்லை. உள்ளங்கை அளவுள்ள, பளபளப்பான இளம் மட்டையைத் தேர்ந்தெடுங்கள். முற்றினால் நார் நாராக இருக்கும். இரவில் இழுத்த கரியமில வாயுவை இச்செடி மாலிக் அமிலமாகச் சேமிப்பதால், விடியலில் பறித்தது புளிக்கும், பிற்பகலில் பறித்தது அவ்வளவு புளிக்காது.

பெரிய முள்ளைவிடத் தொல்லை தருவது சுணை என்ற மயிரிழை போன்ற நுண்முள். இடுக்கியால் பிடித்து, ஓரத்தைச் சுற்றி ஒரு விரல்நுனி அகலம் வெட்டியெறிந்து, முள் கிளம்பும் புள்ளிகளைக் கத்தியைப் படுக்கவைத்துச் சீவுங்கள். பச்சைத் தோல் முழுவதையும் உரிக்கத் தேவையில்லை. பிறகு ஓடும் நீரில் கழுவுங்கள். விரலில் சுணை ஏறினால் தேய்க்காதீர்கள், இன்னும் உள்ளே போகும். ஒட்டும் நாடாவை ஒட்டி இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

விரல் அகலத்தில் நறுக்கி, அடிகனத்த சட்டியில் மிதமான தீயில் மூடி வையுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் நீர் விட்டுக் கொழகொழக்கும். மூடியைத் திறந்து, அது துண்டுகளிலேயே வற்றும்வரை பத்து நிமிடம்போல் வதக்குங்கள். பளிச்சென்ற பச்சை மங்கினால் வெந்துவிட்டது. வெண்டைக்காய்க்குச் செய்வதுபோல உப்பைக் கடைசியில் போடுங்கள். ஆப்பச்சோடா வேண்டாம்: வைட்டமின் சி அழியும், துண்டுகளும் குழைந்துவிடும்.

கடைசியாக, வெட்டிய இடத்தில் வெள்ளைப் பால் வடிந்தால் உடனே கீழே போடுங்கள். சதுரக்கள்ளி, இலைக்கள்ளி போன்றவற்றின் பால் நஞ்சு, கண்ணில் பட்டாலே ஆபத்து. சப்பாத்திக்கள்ளியில் வருவது நிறமற்ற கொழகொழ நீர் மட்டுமே.