விரிஞ்சிபுரம்: கடை ஞாயிறும் நிழல் கடிகாரமும்

கேள்வி: விரிஞ்சிபுரத்துக் கடை ஞாயிறுக்கு என் மருமகளை அழைத்துப் போகிறேன். முறை என்ன? (வாசகி, குடியாத்தம்)

பதில்: வேலூர் அருகே விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில், கார்த்திகை மாதத்தின் கடைசி ஞாயிறுதான் கடை ஞாயிறு. சனிக்கிழமை மாலையே போய்விடுங்கள் அம்மா. நள்ளிரவில் கோயிலின் சிம்ம தீர்த்தக் குளம் திறக்கும்போது நெரிசல் அதிகம். பிள்ளை வரம் வேண்டுவோர் நீராடி, ஈரப்புடவையோடு பிராகாரத்தில் படுப்பார்கள். கனவில் பூவோ பழமோ கிடைத்தால் வரம் உறுதி என்பது நம்பிக்கை. டிசம்பர் குளிரில் கனமான புடவை விடியும்வரை காயாது. மெல்லிய பருத்திப் புடவையே நல்லது. மாற்றுத்துணியும் கம்பளியும் கட்டாயம். காய்ச்சலோ இளைப்போ இருந்தால் ஈரத்தில் படுக்க வேண்டாம், தரிசனமே போதும். பாலகனாகப் பிறந்த பிரம்மனுக்கு அபிஷேகம் செய்ய லிங்கத்தின் உச்சி எட்டாததால், தலை சாய்த்துக் கொடுத்த சுவாமி இவர் என்பது தலபுராணம்; அந்தச் சாய்ந்த லிங்கத்தை நின்று பாருங்கள்.

கேள்வி: விரிஞ்சிபுரம் கோயிலில் உள்ள நேரம் காட்டும் கல்லில், நிழல் பார்க்கக் குச்சி வைத்தேன். கடிகாரத்தோடு ஒத்துவரவில்லையே? (வாசகர், ஆரணி)

பதில்: கல்லில் பிழையில்லை. நம் கடிகாரம் காட்டும் இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். விரிஞ்சிபுரம் அதற்கு மேற்கே, சுமார் 79 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம், நிழல் சராசரியாக 14 நிமிடம் பின்தங்கும். சூரியனின் போக்கு ஆண்டு முழுவதும் சீராக இல்லாததால், பிப்ரவரியில் வித்தியாசம் அரை மணியை நெருங்கும், நவம்பர் தொடக்கத்தில் ஏறக்குறைய மறைந்துவிடும். குச்சி மெல்லியதாக, பள்ளத்தில் ஆடாமல் இருக்கட்டும். அப்படியே ‘திருவிரிஞ்சை மதிலழகு’ என்ற சொலவடைக்குரிய மதிலையும் வெளியே ஒரு சுற்று நடந்து பாருங்கள்.