எல்லாரும் கடன்ல ஓடும்போது இந்தியப் பொருளாதாரம் நல்லா இருக்குன்னு எப்படி சொல்றாங்க?

நீங்க கேட்டதுல ரெண்டு விஷயம் கலந்து கிடக்கு. ஜிடிபிங்கறது நாட்டுல எவ்ளோ உற்பத்தி, எவ்ளோ செலவுன்னு பாக்குற கணக்கு, அந்தச் செலவு சம்பளத்துல வந்துச்சா கிரெடிட் கார்டுல வந்துச்சான்னு அதுக்குத் தெரியாது. நீங்க ஈஎம்ஐல பைக் எடுத்தாலும் வளர்ச்சிதான். 2023-24ல 8.2% வளர்ச்சின்னு சொன்னப்ப எங்க தெருவுல யாரும் நம்பல, ஆனா கணக்கு பொய்யில்ல.

மொத்தக் கடன் அளவு மட்டும் பாத்தா பெருசா பயப்பட வேண்டாம், நம்ம குடும்பங்களோட கடன் ஜிடிபில சுமார் 42% தான், அமெரிக்கால இதைவிட ரொம்ப அதிகம். ஆனா அங்க பெரும்பகுதி வீட்டுக்கடன், கடைசில ஒரு வீடாவது மிஞ்சும். இங்க பாதிக்கு மேல பர்சனல் லோன், கார்டு, நகைக்கடன், வண்டிக் கடன்னு போகுது, அதுலயும் பழைய கடனை அடைக்க புதுக் கடன் வாங்குறவங்க இருக்காங்க பாருங்க, அங்கதான் சிக்கலே. ரிசர்வ் பேங்க்கே 2023 நவம்பர்ல பர்சனல் லோன் மாதிரி அடமானம் இல்லாத கடனுக்கு ரிஸ்க் வெயிட்டை 100ல இருந்து 125% ஆக்கிச்சு, அதாவது பேங்க் இந்த மாதிரி கடன் குடுக்கணும்னா கூடுதலா சொந்த மூலதனம் ஒதுக்கணும். சும்மா செய்வாங்களா?

அதனால என்னைக் கேட்டா, பேங்க்குகள் இப்போதைக்கு ஸ்ட்ராங், குடும்பங்கள்தான் வீக். சம்பளம் ஏறுற வேகத்தைவிட கடன் வேகமா ஏறுதான்னு பாருங்க, ஜிடிபி நம்பரைவிட அது நிறைய சொல்லும்.