தையலுக்குக் கீழே எலுமிச்சை அளவு வீக்கம்

கேள்வி: எங்கள் ஜூலி லேப்ரடார், ஏழு வயது, 28 கிலோ. கர்ப்பப்பையில் சீழ் கோத்துவிட்டது, பயோமெட்ரா என்று சொல்லி நான்கு நாளைக்கு முன் ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். நேற்றிலிருந்து தையலின் கீழ்ப்பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இன்னும் மலம் போகவில்லை. வலி மாத்திரை தீர்ந்துவிட்டது. வீட்டில் இருக்கும் பாரசிட்டமால் கொடுக்கலாமா? மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துத் தடவச் சொல்கிறார் என் மாமியார்.
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: பாரசிட்டமாலை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். மஞ்சளும் வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறோம். முதலில் அந்த வீக்கம்.

ஜூலியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கையை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, வீக்கத்தின் மேல் மூன்று விரலை மெல்ல வையுங்கள். தண்ணீர் நிரப்பிய பலூனைத் தொட்டதுபோல் தளதளவென்று இருந்து, சூடு இல்லாமல், தொட்டால் அவளும் கண்டுகொள்ளாமல் இருந்தால், அது தோலுக்கு அடியில் ஊறி நிற்கும் நிணநீர். வயிற்றை மூடும்போது தசை உறை, கொழுப்பு, தோல் என்று மூன்று அடுக்காகத் தைப்பார்கள். லேப்ரடாருக்குக் கொழுப்பு அடுக்கு தடிமன். நாய் குதித்தாலோ ஓடினாலோ கொழுப்பும் தோலும் ஒன்றின்மேல் ஒன்று உரசி, நடுவில் இடைவெளி விழுந்து நீர் கோக்கும். ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் இது தலைகாட்டுவது வழக்கம். ஓட்டத்தை நிறுத்தினால் இரண்டு மூன்று வாரத்தில் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை உங்கள் முழங்கையில் வைத்துச் சூடு பார்த்து, துணிக்கும் தையலுக்கும் நடுவில் உலர்ந்த துணி ஒன்றைப் போட்டு, பத்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று முறை ஒத்தடம் கொடுங்கள். ஊசி போட்டு நீரை எடுக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். எடுத்த இடத்தில் திரும்ப ஊறும், போதாக்குறைக்குக் கிருமி போக வழியும் கிடைக்கும்.

தொட்டால் சூடாக, சிவந்து, வலியில் அவள் உறுமினால், அல்லது சீழோ நாற்றமோ வந்தால் அது கிருமித்தொற்று. அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். இதைவிட மோசமானது மூன்றாவது வகை. அழுத்தினால் வீக்கம் உள்ளே போகிறது, அடியில் ஓட்டை மாதிரி ஒரு விளிம்பு விரலில் தட்டுப்படுகிறது, எழுந்து நின்றால் பெரிதாகிறது என்றால் உள்தையல் விட்டு, குடலோ கொழுப்போ தோலுக்கடியில் இறங்கியிருக்கலாம். தையல் வழியே இளஞ்சிவப்புத் தண்ணீர் திடீரென்று நிறைய வடிந்தாலும் இதே சந்தேகம்தான். இதற்கு மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. குடலே வெளியே தெரிந்தால் உள்ளே தள்ள முயலாதீர்கள். நார்மல் சலைனில் நனைத்த சுத்தமான பருத்தித் துணியால் போர்த்தி, வயிற்றைச் சுற்றிக் கட்டி, அவள் நக்காமல் பிடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

எந்த வகை என்று பிடிபடவில்லையா? பத்து ரூபாய் நாணயத்தை வீக்கத்தின் பக்கத்தில் பிடித்து, காலையும் மாலையும் ஒரே கோணத்தில் போட்டோ எடுங்கள். அந்த நாணயம் 27 மில்லிமீட்டர் குறுக்களவு, அளவு தெரியும். டாக்டருக்கு அனுப்ப நீளமான விவரிப்பைவிட இரண்டு நாள் போட்டோக்கள் உதவும்.

சாப்பாட்டுக்கு வருவோம். சீழ் நிறைந்த பையை எடுத்துவிட்டால் பெரும்பாலான நாய்கள் ஒன்றிரண்டு நாளில் தட்டைத் தேட ஆரம்பித்துவிடும். நான்காம் நாளும் மறுக்கிறாள் என்றால் காரணம் பார்க்க வேண்டும். முதலில் காய்ச்சல். டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் வாசலின் தடவி, மலத்துவாரத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே வைத்துப் பாருங்கள்; நடந்து வந்ததும் பார்த்தால் கூடுதலாகக் காட்டும், அரை மணி நேரம் படுத்திருந்த பிறகு பாருங்கள். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் சாதாரணம், நம் 98.6-ஐ வைத்துப் பயப்பட வேண்டாம். 103-ஐத் தாண்டினாலோ 99-க்குக் கீழே இறங்கினாலோ போன் செய்யுங்கள். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள்: ரோஸ் நிறமாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளுத்த ஈறு, தொடர்ந்து வாந்தி, எழுந்திருக்க முடியாத சோர்வு, இதில் ஒன்று இருந்தாலும் சாப்பாட்டைப் பற்றிய யோசனையை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தால், சந்தேகம் தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பின் மேல். கூம்பு தரையில் முட்டுவதால் வாய் தட்டுக்கு எட்டாது. நாய் பசியில்லாததுபோல் திரும்பிக்கொள்ளும். கூம்பின் வாயைவிடச் சிறிய கிண்ணத்தைக் கவிழ்த்த பாத்திரத்தின் மேல் வைத்துப் பாருங்கள். அல்லது நீங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடம் மட்டும் கழற்றுங்கள். ஆன்டிபயாட்டிக்கும் வயிற்றைப் புரட்டும், அதனால் மாத்திரையை வெறும் வயிற்றில் தராதீர்கள்.

28 கிலோ நாய்க்கு உடம்பு ஓட மட்டும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 850 கலோரி வேண்டும். 300 கிராம் குழைந்த சாதமும் எலும்பு நீக்கி வேகவைத்த 250 கிராம் கோழியும் சேர்ந்தால் அந்த அளவை ஒட்டி வரும். முதல் நாள் அதில் பாதி கொடுங்கள், நான்கைந்து வேளையாகப் பிரித்து, வெதுவெதுப்பாக. ஆறிய சாதத்தில் வாசம் கிளம்பாது. உப்பு, மசாலா கூடாது. வெங்காயம், பூண்டு சேர்த்த ரசமோ சூப்போ ஒரு கரண்டிகூடக் கூடாது, அவை நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். தெம்புக்கு என்று ஆட்டுக்கால் சூப் வைத்துத் தருபவர்கள் சின்ன வெங்காயத்தை மறந்துவிடுகிறார்கள். நாளைக் காலை வரை ஒன்றுமே இறங்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

மலம் போகாததற்குக் கவலைப்பட வேண்டாம். ஆபரேஷனுக்கு முன் பட்டினி, பிறகும் சாப்பாடு இல்லை, வர என்ன இருக்கிறது? சாப்பிட ஆரம்பித்து இரண்டு நாள் ஆகியும் வராமல், முக்கினால் மட்டும் சொல்லுங்கள். சிறுநீர் அப்படியில்லை, தினமும் போயாக வேண்டும். பயோமெட்ரா வந்த நாய்க்குச் சிறுநீரகம் சிறிது காலம் நீரைச் சேர்த்துவைக்க முடியாமல் தவிக்கும். அதனால் நிறையக் குடித்து நிறையப் போவாள். தரை ஈரமாகிறது என்று தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள்.

இப்போது மாத்திரை. பாரசிட்டமால் அளவு மீறினால் நாயின் கல்லீரலைக் கெடுக்கும். இரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனையும் குலைக்கும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் இரைப்பையில் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் தாக்கும். ஏற்கெனவே அடிவாங்கிய சிறுநீரகம் இவளுடையது. நாய்க்கு அதிகம் எழுதப்படும் மெலாக்சிகாமின் தொடர் அளவு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். ஜூலிக்கு அது நாளொன்றுக்கு 2.8 மில்லிகிராம். மெடிக்கல் ஷாப்பில் மனிதருக்கு விற்கும் மாத்திரை 7.5 அல்லது 15 மில்லிகிராம். 'அதே மருந்துதானே' என்று ஒரு 15 மாத்திரை கொடுத்தால் ஐந்து மடங்கு ஆகிவிடும். அதனால் டாக்டரைக் கேட்டு நாய்க்கான சொட்டு மருந்தையே வாங்கி, சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். கறுப்பாகத் தார் போல மலம் வந்தால் நிறுத்திவிட்டுப் போன் செய்யுங்கள். வலி இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? வெயிலிலும் நாய் மூச்சிரைக்கும்தான். ராத்திரி ஃபேனுக்குக் கீழே குளுமையாகப் படுத்தும் இரைத்தால், இடம் மாற்றி மாற்றிப் படுத்தால், அது வலி.

மாமியாரின் மஞ்சள் நல்லெண்ணத்தில் வந்தது. ஆனால் தைத்த காயம் உலர்ந்து மூட வேண்டும். எண்ணெயும் பொடியும் அதை ஈரமாகவே வைத்து, தையல் ஓட்டைகளில் அடைந்து, நக்கவும் தூண்டும். டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு மூன்றும் புதிதாக வளரும் செல்களைக் கருக்கும். காய்ந்திருக்கும் தையலுக்கு எதுவும் போடாமல் இருப்பதே வைத்தியம். அழுக்குப் பட்டால் மட்டும் சலைனில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

நம் ஊரில் இன்னொரு எதிரி ஈ. கசியும் காயத்தில் முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். வலைபோட்ட அறையில், ஃபேனுக்கு அடியில் படுக்கவையுங்கள். படுக்கைக்குப் பழைய பருத்திப் புடவை போதும், தினமும் மாற்றித் துவையுங்கள். மொசைக், டைல்ஸ் தரையில் கால் வழுக்கினால் வயிற்றுத் தசை இழுபடும். நடக்கும் வழியில் சாக்கு விரியுங்கள். கூம்பு மூக்கு நுனியைத் தாண்டி இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீண்டிருக்க வேண்டும், கழுத்தில் இரண்டு விரல் நுழைய வேண்டும். கூம்பை அடியோடு வெறுக்கும் நாய்க்குப் பிள்ளைகளின் பனியனைப் பின்முன்னாகப் போட்டு முதுகில் முடிச்சுப் போடலாம். சிறுநீர் போகும்போது தூக்கிக் கட்டாவிட்டால் நனைந்து தையலில் ஒட்டும்.

நடை, பெல்ட் போட்டு ஐந்து நிமிடம், காலையிலும் இரவிலும். மாடிப்படி, சோபா, குளியல் மூன்றும் தையல் பிரிக்கும் வரை கிடையாது. பத்திலிருந்து பதினான்கு நாளில் பிரிப்பார்கள். ஏழெட்டு நாளில் ஜூலி பழையபடி துள்ள ஆரம்பிப்பாள். தையல் விட்டுப்போவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். தோல் கூடியிருந்தாலும் உள்ளே தசை உறைக்கு முழு பலம் வரப் பல வாரம் பிடிக்கும். பந்து விளையாட்டை ஒரு மாதம் தள்ளிவையுங்கள்.

தேறியதும் சாப்பாட்டு அளவையும் மாற்ற வேண்டும். கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்திருப்பார்கள், அதனால் பசி கூடும், செலவாகும் சக்தி குறையும். முன்பு கொடுத்ததில் நாலில் ஒரு பங்கைக் குறைத்து, மாதம் ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள்.