தோலில் மெத்தை போன்ற சாய்சதுர வேலைப்பாடு எவ்வாறு உருவாகிறது?

பணப்பை, இடுப்புப்பட்டி முதலியவற்றில் பஞ்சு அடைத்துத் தைத்த மெத்தையைப் போலப் புடைத்துத் தெரியும் சாய்சதுரங்களுக்குள் பல வேளைகளில் பஞ்சும் இல்லை, நூலும் இல்லை. ஒற்றைத் தோலின் மேற்பரப்பைக் கீறி அழுத்தியே அத்தோற்றம் உருவாக்கப்படுகிறது.

ஆவாரம்பட்டை போன்ற தாவரப் பொருட்களால் பதனிட்ட தோலை ஈரப்படுத்தி, அதன் இயல்பான நிறம் திரும்பத் தொடங்கும் வேளையில், குறுக்கும் மறுக்குமாகச் சாய்கோடுகளைப் பாதித் தடிப்பைத் தாண்டாமல் கீறுவார்கள். பின்பு சரிவான முனையுள்ள அச்சை ஒவ்வொரு கோட்டின் இரு பக்கமும் வைத்துத் தட்டும்போது, ஓரங்கள் தாழ்ந்து நடுப்பகுதி உப்பியதுபோல் தோன்றும். கோடுகள் சந்திக்கும் இடத்தில் சிறு வட்ட அச்சைப் பதித்தால் பொத்தான் வைத்த மெத்தையே போலிருக்கும். இவ்வேலைப்பாட்டின் அழகு பெரிதும் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஈரம் தோலின் நார்களை இளக்குகிறது. அழுத்தத்தில் நெருங்கிய நார்கள் உலர்ந்தபின் அப்படியே இறுகிவிடுகின்றன. கல்லடிக் கடற்கரையில் காய்ந்த மணலில் பதித்த கால்தடம் சரிந்துவிடும். அலை நனைத்துக் குழைந்த மணலில் நீர் ஊறி அத்தடம் மறைந்துவிடும். அளவாக ஈரம் பிடித்த மணலிலோ விரல்கள்கூடத் தெளிவாகப் பதியும். தோலும் அவ்வாறே.

எந்தத் தோலிலும் இதைச் செய்யலாம் எனப் பலர் நினைக்கின்றனர். ஆனால் குரோமிய உப்பால் பதனிட்ட மென்தோல் அழுத்தியபின் மீண்டும் எழுந்துவிடுவதால், அதில் இந்த அச்சு சரியாக நிலைப்பதில்லை.