மூன்று சிலிண்டர் ஸ்விஃப்ட் வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 2021 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். அதைக் கொடுத்துவிட்டுப் புதிய ஸ்விஃப்ட் வாங்க நினைக்கிறேன். “நான்கு சிலிண்டர் இன்ஜினை எடுத்துவிட்டு மூன்று சிலிண்டர் வைத்திருக்கிறார்கள், பழைய வேகம் இருக்காது” என்கிறான் தம்பி. “மைலேஜ் கூடியிருக்கிறது, யோசிக்காமல் வாங்கு” என்கிறார் என்னுடன் வேலை பார்ப்பவர். யார் சொல்வதைக் கேட்பது?
– சேலம் வாசகர்

பதில்: இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் உங்கள் முடிவுக்கு இரண்டும் போதாது.

முதலில் தம்பியின் கட்சி. உங்கள் காரில் இருப்பது 90 குதிரைத்திறன் தரும் நான்கு சிலிண்டர் இன்ஜின். 2024 மே மாதம் வந்த புதிய ஸ்விஃப்ட்டில் இருப்பது சுமார் 82 குதிரைத்திறன் தரும் மூன்று சிலிண்டர் இன்ஜின். எட்டு குறைந்திருப்பது உண்மைதான். ஆனால் இழுவிசை என்னும் டார்க் 113-இலிருந்து 111.7 நியூட்டன் மீட்டருக்குத்தான் இறங்கியிருக்கிறது. ஐந்து ரோடு நெரிசலில் கியர் மாற்றி மாற்றி ஊர்வதற்கு உதவுவது இந்த இழுவிசைதான். அங்கே பெரிய வித்தியாசம் தெரியாது. நெடுஞ்சாலையில் ஆக்சிலரேட்டரை ஆழ மிதித்து லாரியை முந்தும்போதும், ஐந்து பேரோடு ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதும் தெரியும். பழைய இன்ஜின் உயர் வேகச் சுழற்சியில் உற்சாகமாகப் பாயும். புதியது அந்த இடத்தில் சற்றுச் சோர்கிறது.

அதிர்வும் கூடியிருக்கிறது. நான்கு சிலிண்டரில் இரண்டு பிஸ்டன்கள் மேலே போகும்போது இரண்டு கீழே வருவதால், அவற்றின் ஆட்டம் பெரும்பாலும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். மூன்றில் அப்படி ஜோடி அமைவதில்லை. இன்ஜின் முன்முனைக்கும் பின்முனைக்குமாக லேசாக ஆடும். அதன் தாங்கிகள் பெரும்பகுதியை விழுங்கினாலும், சிக்னலில் நிற்கும்போது மிச்சம் ஸ்டீயரிங்கில் கைக்குத் தெரியும். சிலருக்கு அது பொருட்டே இல்லை. நான்கு சிலிண்டருக்குப் பழகிய உங்களுக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன்.

அப்படியிருந்தும் மாருதி சுசூகி நிறுவனம் ஏன் ஒரு சிலிண்டரைக் குறைத்தது? பிஸ்டன், வால்வு, பேரிங் எல்லாம் குறையும்போது உராய்வு குறைகிறது, எரிபொருள் மிச்சமாகிறது. இங்கேதான் உங்களுடன் வேலை பார்ப்பவரின் கட்சி வருகிறது. உங்கள் காருக்கு அறிவிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 23.2 கிலோமீட்டர், புதியதற்கு 24.8. கேட்க நன்றாக இருக்கிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் பழைய காருக்கு 43.1 லிட்டர், புதியதற்கு 40.3 லிட்டர். மிச்சம் மூன்று லிட்டர்கூட இல்லை. லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் மாதம் 280 ரூபாய். இதற்காக நன்றாக ஓடும் காரைக் கொடுத்துவிட்டுச் சில லட்சம் ரூபாயை மேலே போடுவது வீண் செலவு. மைலேஜுக்காக மாற்றாதீர்கள்.

வேறு காரணத்துக்காக மாற்றுவதென்றால், ஷோரூம்காரர் காட்டும் நல்ல சாலையில் மட்டும் டெஸ்ட் டிரைவ் போகாதீர்கள். வீட்டார் நால்வரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். ஏ.சி.யைப் போட்டு, மூன்றாவது கியரில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, அங்கிருந்து ஆக்சிலரேட்டரை மிதித்துப் பாருங்கள். ஒரு மேம்பாலத்து ஏற்றத்தில் நிறுத்தி எடுங்கள். உங்களுக்குப் பிடிக்கிறதா என்பது அந்தக் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

கேள்வி: வயதான பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும் உள்ள வீடு. பழைய ஸ்விஃப்ட்டைக் குறைந்த விலையில் செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா, புதியதற்கே போகலாமா?
– திண்டுக்கல் வாசகி

பதில்: கையில் பணம் இருந்தால் புதியதற்கே போங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. காரணம் பாதுகாப்பு. இரண்டு ஏர்பேக் மட்டும் இருந்த முந்தைய ஸ்விஃப்ட், 2022-இல் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பின் சோதனையில் ஐந்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம்தான் வாங்கியது. புதியதில் விலை குறைந்த மாடலிலிருந்தே ஆறு ஏர்பேக் வருகிறது. பின் சீட்டின் நடுவில் உட்காருபவருக்கும் தோளைத் தாங்கும் முழு பெல்ட் உண்டு. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அலாய் வீலையும் பெரிய திரையையும் விட இதற்குத்தான் பணம் கொடுக்க வேண்டும். ஆனால் ஒன்று: அதே நிறுவனத்தின் இன்னொரு காரான டிசையர் வாங்கிய ஐந்து நட்சத்திரத்தைக் காட்டி ஸ்விஃப்ட்டை விற்க யாராவது முயன்றால் ஏற்காதீர்கள். அந்த மதிப்பெண் டிசையருக்கு உரியது.

பெற்றோருக்கு இன்னொரு நல்ல மாற்றம் பின்கதவுக் கைப்பிடி. 2018-இல் வந்த வடிவத்தில் அதைக் கண்ணாடிக்குப் பின்னால் தூணோரம் மேலே ஒளித்து வைத்திருந்தார்கள். முதல் தடவை ஏற வரும் பெரியவர்கள் கதவின் நடுவில் கையால் தடவிப் பார்த்துவிட்டு, யாராவது திறந்துவிடட்டும் என்று நிற்பார்கள். குட்டைப் பிள்ளைகளுக்கு எட்டவும் எட்டாது. அழகுக்காகச் செய்த அந்த வேலையை விட்டுவிட்டு, கைப்பிடியை அதற்குரிய இடமான கதவுக்கே திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். மிகச் சரியான முடிவு.

இட வசதியில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். சக்கரங்களுக்கு இடையிலான தூரம் அதே 2,450 மில்லிமீட்டர், அகலமும் அதே 1,735. கார் 15 மில்லிமீட்டர் நீண்டிருந்தாலும் அதனால் பின் சீட்டில் கால் நீட்ட இடம் கூடவில்லை. அப்பா உயரமானவர் என்றால் கடையிலேயே உட்காரவைத்துப் பாருங்கள்.

கேள்வி: சி.என்.ஜி. ஸ்விஃப்ட் லாபமா?
– தூத்துக்குடி வாசகர்

பதில்: சி.என்.ஜி. என்னும் அழுத்திய இயற்கை எரிவாயுவில் கிலோவுக்கு 32.85 கிலோமீட்டர் என்று சொல்லப்படுகிறது. திறன் சுமார் 70 குதிரையாக இறங்கும். டிக்கியில் கேஸ் சிலிண்டர் உட்கார்ந்துகொள்ளும். தினமும் நெடுந்தூரம் ஓட்டுபவருக்கும், போகும் வழியிலேயே வரிசை இல்லாத பங்க் இருப்பவருக்கும் லாபம். மற்றவர்கள் பெட்ரோலையே வாங்கலாம்.

கேள்வி: ஷோரூமில் இன்சூரன்ஸையும் சில உதிரிப் பொருள்களையும் அவர்களிடமே வாங்கினால்தான் கார் என்கிறார்கள். விலைப் பட்டியலில் “ஹேண்ட்லிங்” என்று ஒரு தொகையும் இருக்கிறது. கொடுக்கத்தான் வேண்டுமா?
– விழுப்புரம் வாசகர்

பதில்: வேண்டியதில்லை. புதிய காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது உங்கள் காரால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீடு, கட்டாயம். அதை இன்னாரிடம்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வெளியில் இரண்டு இடங்களில் பிரீமியம் விசாரித்து, அந்தத் தாளை விற்பனையாளர் முன் வையுங்கள். பல இடங்களில் அங்கேயே விலை இறங்கும். சீட் உறை, மேட் போன்றவை முழுக்க உங்கள் விருப்பம்.

எக்ஸ்-ஷோரூம் விலை, சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதி, கடை முத்திரையோடு கேளுங்கள். “ஹேண்ட்லிங்” எதற்கு என்று எழுத்தில் கேட்டாலே பாதி இடங்களில் அந்த வரி காணாமல் போய்விடும். முரண்டு பிடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை எந்த ஊரில் இருந்தாலும், 2019 சட்டப்படி உங்கள் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். முன்பணம் கட்டிய ரசீதையும் அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழித்துவிடாதீர்கள். பேச்சை மட்டும் நம்பி வழக்கு நிற்காது.