டயலிசிஸ் அறையின் பின்புறம் ஓடும் தண்ணீர்

கேள்வி: எனது வாப்பா கிழமைக்கு இரண்டு தடவை வைத்தியசாலைக்குச் சென்று டயலிசிஸ் செய்துகொள்கிறார். அந்த அறையின் பின்புறத்தில் ஒரு குழாயிலிருந்து தெளிந்த தண்ணீர் வடிகானுக்குள் ஓடிக்கொண்டேயிருப்பதை அவர் கண்டிருக்கிறார். கச்சான் காற்று தொடங்கினால் கிணற்றுத் தண்ணீர் உவராகிவிடும் ஊர் எங்களுடையது. "என்ட உசிருக்காக இவ்வளவு தண்ணி வீணாப் போகுதே மகள்" என்று அவர் சொல்லிச் சொல்லி வருந்துகிறார். உண்மையில் எவ்வளவு தண்ணீர் செலவாகிறது? அதைக் குறைக்க முடியாதா?
– வாசகி, சாய்ந்தமருது

பதில்: சகோதரி, வாப்பா கண்டது மெய்தான். ஆனால், அந்தக் குழாயில் ஓடும் தண்ணீர் பெரும்பாலும் அவருடைய இரத்தத்தின் அருகே கூடச் சென்றிராத தண்ணீர் என்பதை அவரிடம் சொல்லுங்கள்.

பழுதான சிறுநீரகங்களுக்குப் பதிலாக இரத்தத்தைச் சுத்திகரிப்பதே டயலிசிஸ். அதன் வடிகட்டிக்குள் ஒரு மெல்லிய சவ்வின் ஒரு புறத்தில் இரத்தமும், மறுபுறத்தில் உப்புகள் அளவாகக் கலந்த கரைசலும் ஓடுகின்றன. அந்தக் கரைசல் வழக்கமாக நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றர் வீதம் செல்வதால், 4 மணித்தியாலச் சிகிச்சை ஒன்றுக்கு 120 லீற்றர் தேவைப்படுகிறது. வாப்பாவைப் போலக் கிழமைக்கு இரண்டு தடவை செல்பவருக்கு ஆண்டில் 12,000 லீற்றருக்கு மேல் வரும். இது சிகிச்சைக்கு உள்ளே செல்லும் தண்ணீர் மட்டுமே. இந்த 120 லீற்றரைத் தூய்மையாக்குவது, தண்ணீரை அழுத்தத்தால் நுண்ணிய சவ்வினூடாகத் தள்ளி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம். அது தனக்குள் வரும் தண்ணீரில் ஏறத்தாழப் பாதியை, சில பழைய இயந்திரங்களில் அதற்கும் கூடுதலாக, உப்புச் செறிந்த நீராக ஒதுக்கித் தள்ளிவிடுகிறது. குழாய்களைக் கழுவுவதற்கும் கிருமி நீக்குவதற்கும் ஆகும் தண்ணீர் வேறு.

ஆகவே அந்த அறையிலிருந்து இரண்டு வகைத் தண்ணீர் வெளியேறுகிறது. நோயாளியின் கழிவுகளைச் சுமந்து வரும் கரைசல் ஒன்று. அது கழிவுநீர் வழியில்தான் செல்ல வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் ஒதுக்கிய நீர் மற்றையது. இதில் நோயாளியின் உடலிலிருந்து வந்தது எதுவும் இல்லை. குழாய் நீரில் இருந்த உப்புகளே சற்றுச் செறிந்திருக்கின்றன. அவுஸ்திரேலியாவின் ஜீலோங் நகரில் சிறுநீரக மருத்துவர் ஜோன் அகாரும் அவருடைய குழுவினரும் இந்த ஒதுக்கு நீரைச் சேகரித்து, வைத்தியசாலையின் மலசலகூடங்களுக்கும் தோட்டத்துக்கும் கருவிகளைக் கிருமி நீக்கும் நீராவிக்கும் பயன்படுத்திக் காட்டினார்கள். இதற்குத் தேவைப்படுவது ஒரு தாங்கியும் ஒரு பம்பியும் தனியான குழாய் வரிசையும்தான். புதிய சிகிச்சைப் பிரிவொன்றைக் கட்டும்போதே அந்தக் குழாயைப் போட்டுவிட்டால் செலவு சிறிது. சுவரை எழுப்பிய பின்னர் உடைத்துப் போடுவதென்றால்தான் கஷ்டம். மட்டக்களப்பு மாவட்டத்தின் உன்னிச்சைக் குளத்து நீரைச் சுத்திகரித்து, நெடுந்தூரம் குழாயில் கொண்டுவந்து, அதில் பாதியை வடிகானில் விடுவது எனக்கு ஏற்கக்கூடியதாகத் தெரியவில்லை.

அதேவேளை, சிக்கனம் தண்ணீரின் தூய்மையில் கை வைக்கக்கூடாது. நாம் குடிக்கும் நீரை முதலில் குடல் சந்திக்கிறது. டயலிசிஸ் நீருக்கும் இரத்தத்துக்கும் இடையில் ஒரு சவ்வு மட்டுமே இருக்கிறது. 1996 இல் பிரேசிலின் கருவாரு நகரில், வரட்சிக் காலத்தில் நீர்த்தேக்கமொன்றிலிருந்து பவுசரில் ஏற்றி வந்த தண்ணீரில் பாசியின் நஞ்சு கலந்திருந்தது. அது சரியாகச் சுத்திகரிக்கப்படாமல் டயலிசிஸுக்குப் பயன்பட்டதால் ஐம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். நம் பகுதியிலும் கோடையில் பவுசர் தண்ணீர் வருவதுண்டு என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

கரைசல் ஓடும் வேகத்தைச் சிலருக்குக் குறைக்கலாம்; அதை வைத்தியரே, நோயாளியின் இரத்தப் பரிசோதனைகளைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். வாப்பா மனம் நொந்து ஒரு தடவையையேனும் தவறவிட்டாலோ, அரை மணித்தியாலம் முன்னதாக எழுந்து வந்தாலோ, மிஞ்சுவது தண்ணீர் மட்டுமே. உடலில் தேங்குவது பொட்டாசியமும் நீரும். பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுபோகவும் கூடும். இதை அவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: எனது அம்மாவுக்கு வீட்டிலேயே வயிற்று வழியாக, கரைசலை உள்ளே விட்டுப் பின்னர் வடித்தெடுத்து, டயலிசிஸ் செய்கிறோம். வெற்றுப் பைகளும் குழாய்களும் குவிந்துவிட்டன. வளவில் வைத்துக் கொளுத்தலாமா?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: கொளுத்த வேண்டாம். இந்தப் பைகளில் பல பி.வி.சி. என்னும் பிளாஸ்ரிக்கால் ஆனவை. அதில் குளோரின் இருப்பதால், வளவுக் குப்பையோடு தாழ்ந்த வெப்பத்தில் எரிக்கும்போது ஐதரோகுளோரிக் அமில ஆவியும் டயொக்சின் என்ற நஞ்சும் உண்டாகின்றன. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் திண்ணையில் இருக்கும் அம்மாதான். நாளொன்றுக்கு 4 தடவை, தடவைக்கு 2 லீற்றர் என்று வைத்தாலே மாதம் 120 பைகள் கரைசலும், அதே அளவு வடிகால் பைகளும் சேரும். வடிந்த நீரை மலசலகூடத்தில் ஊற்றி, பையை வெறுமையாக்கிக் கட்டி வையுங்கள். அட்டைப் பெட்டிகளைத் தனியே பிரித்தால் பழைய கடதாசி எடுப்பவர் வாங்கிக்கொள்வார். பைகளை உள்ளூராட்சிச் சபையின் குப்பை வண்டியில் போடலாமா, கிளினிக்கில் ஒப்படைக்க வேண்டுமா என்பதை உங்கள் தாதி உத்தியோகத்தரிடம் கேளுங்கள். வடிந்த நீர் கலங்கலாக இருந்தால் அது தொற்றின் அறிகுறி. அப்போது அந்தப் பையை எறியாமல், அம்மாவையும் கூட்டிக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: எங்கள் கிராமத்து ஆர்.ஓ. குடிநீர் நிலையத்தின் கழிவு நீரைப் பயிருக்கு விடலாமா?
– வாசகர், படுவான்கரை

பதில்: தென்னைக்கு விடலாம்; அது உவரைத் தாங்கும். போஞ்சி, மிளகாய் போன்றவை தாங்கமாட்டா. பாதி நீர் கழிவாகப் போகிறது என்றால், உங்கள் கிணற்று நீரில் இருந்த உப்பும் புளோரைட்டும் அந்தக் கழிவில் ஏறத்தாழ இரண்டு மடங்காக இருக்கும். மணற்பாங்கான நிலத்தில் மார்கழி மழை உப்பைக் கழுவிச் செல்லும். வயற்களி மண்ணிலோ அது தேங்கி நிற்கும். நிலையம் தண்ணீர் எடுக்கும் கிணற்றுக்கு அருகில் மட்டும் விடாதீர்கள். ஒதுக்கிய உப்பு மண்ணுக்குள் இறங்கி மீண்டும் அதே கிணற்றுக்கு வந்துவிடும்.