கழுத்து டிஸ்க் பிரச்சினை. விண்ட்சர்ஃபிங்கை விட்டுவிட்டு டிங்கி பாய்மரப் படகுக்கு மாறலாமா?

மாறலாம். ஆனால் எந்த டிங்கி (ஒன்றிரண்டு பேர் ஓட்டும் சின்னப் பாய்மரப் படகைத்தான் அப்படிச் சொல்கிறோம்), அதில் எந்த இடத்தில் உட்காரப் போகிறீர்கள் என்று கேட்காமலே "தாராளமா மாறுங்க, உட்கார்ந்துக்கிட்டுத்தானே ஓட்டுறோம்" என்பவர்களை நம்பாதீர்கள். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

கேள்வியில் நீங்கள் டிஸ்க் என்பதற்கு மேல் விவரம் எதுவும் தரவில்லை. நாற்பதைத் தாண்டியவர், வாரமெல்லாம் கணினி முன்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டு சனிக்கிழமை காற்றடித்தால் விண்ட்சர்ஃபிங்குக்கு, பாய் பொருத்திய அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். நானும் அந்த ரகம்தான். சிங்கப்பூரில் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பக்கம் பல வருடம் விண்ட்சர்ஃபிங். டிசம்பர் முதல் மார்ச் வரை, வாடைக்காற்று நன்றாக வீசும் நாட்களில், என்னை எந்தக் கல்யாணத்திலும் பார்த்திருக்க முடியாது.

முதலில் கட்டைவிரல் மரத்துப்போனது. பிறகு தோளிலிருந்து முழங்கை வரை சுரீர் என்று ஒரு வலி. எம்ஆர்ஐ எடுத்ததில் ஐந்தாவது, ஆறாவது கழுத்தெலும்புகளுக்கு நடுவில் உள்ள டிஸ்க் பிதுங்கி, கைக்குப் போகும் நரம்பை நெருக்குவது தெரிந்தது. "கடலை மறந்துட்டு நீச்சல் குளத்துக்குப் போங்க" என்றார் மருத்துவர். போனேன். தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு தவளை மாதிரி நீந்திப் பாருங்கள், கழுத்து என்ன சொல்கிறது என்று தெரியும். மருத்துவர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். டிஸ்க் பற்றி அவர் சொன்னது எல்லாமே சரி. பாய், காற்று பற்றி அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

விண்ட்சர்ஃபிங்கில் கழுத்தைக் கெடுப்பது பாயின் இழுவை என்று பலர் நினைக்கிறார்கள். ஹார்னெஸ், அதாவது கொக்கி வைத்த இடுப்புப் பட்டை, மாட்டிவிட்டால் அந்த இழுவை முக்கால்வாசி இடுப்புக்குப் போய்விடும். கெடுப்பது வேறு. தண்ணீரில் கிடக்கும் பாயைக் கயிற்றால் தூக்கும்போது, மேலே தேங்கியிருக்கும் தண்ணீரின் எடையும் சேர்ந்து தோளை இழுக்கும். ஆழத்தில் மல்லாந்து கிடந்து பாயை ஒரு கையால் உயர்த்திப் பிடித்துக் காற்றுக்குக் காத்திருக்கும்போது தலையை அண்ணாந்தே வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், ஹார்னெஸ் கொக்கி மாட்டியபடி திடீர்க் காற்றில் ஆளோடு சேர்த்துப் பாய் முன்னால் தூக்கி எறியும் அந்த விழுகை. டிஸ்க் பிதுங்கிய கழுத்துக்கு அது ஒன்று போதும்.

டிங்கியில் இந்தத் தூக்கி எறிதல் கிட்டத்தட்ட இல்லை. கவிழ்வதும் பெரும்பாலும் மெதுவாகத்தான் நடக்கும், சுதாரித்துக்கொள்ள நேரம் கிடைக்கும். இது உண்மையான லாபம், மறுக்கவில்லை. ஆனால் பதிலுக்கு வேறு வேலைகள் கழுத்துக்கு வந்து சேர்கின்றன.

நான் போன இடத்தில் பயிற்சி முடிந்ததும் பெரியவர்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது லேசர் என்ற ஒற்றை ஆள் டிங்கிதான். இப்போது ஐஎல்சிஏ என்கிறார்கள், படகு அதேதான். 1971-இல் சந்தைக்கு வந்தது, 1996 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. 4.2 மீட்டர் நீளம், உடல் மட்டும் 59 கிலோ. அருமையான படகு. லேசர் ஓட்டுபவர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் படகைப் பழிக்கவில்லை. ஆனால் காற்று கூடியதும் படகு சாயாமல் இருக்க, பாதத்தைப் பட்டையில் மாட்டிக்கொண்டு உடம்பை விளிம்புக்கு வெளியே தள்ளி மல்லாக்கச் சாய வேண்டும். ஹைக்கிங் என்பது இதுதான். உடம்பு மல்லாக்க இருக்கும், கண் முன்னால் போகும் அலையைப் பார்க்க வேண்டும். அப்படியானால் தலையின் எடை முழுவதையும் கழுத்தின் முன்தசைகள்தான் தாங்க வேண்டும், அதுவும் ஒரு பக்கம் திரும்பிய நிலையில். கொஞ்ச நேரம் சரி. காற்றை எதிர்த்து அரை மணி நேரம் போனால் என் கட்டைவிரல் மறுபடி பேச ஆரம்பித்துவிடும்.

அதோடு பூம், அதாவது பாயின் அடிவிளிம்பைப் பிடித்திருக்கும், திசை மாறும்போது படகின் குறுக்கே வீசி வரும் கம்பு. லேசரின் பூம் தாழ்வானது. திசை மாற்றும் ஒவ்வொரு தடவையும் முழுதாக மடங்கிக் குனிந்து, தலையை நுழைத்து, மறுபக்கம் போய் உட்கார வேண்டும். கழுத்து விறைத்த ஆள் முதுகோடு சேர்ந்துதான் குனிவார், அதற்குள் அந்த அலுமினியக் கம்பு வந்துவிடும்.

எனக்கு ஒத்துவந்தது இரண்டு பேர் ஓட்டும், பூம் உயரமான, அகலமான படகு. பயிற்சி நிலையங்களில் இருக்கும் ஆர்எஸ் குவெஸ்ட், வேஃபேரர் மாதிரியானவை. வேஃபேரர் 1950களின் வடிவமைப்பு, 4.8 மீட்டர் நீளம், பார்க்கப் பழைய ஆள் மாதிரி இருக்கும். ஆனால் விளிம்பில் நிமிர்ந்து உட்காரலாம், வெளியே தொங்க வேண்டியதில்லை. நான் சுக்கான் பிடிக்கிறேன். எடை கொடுப்பது, முன்பாயை இழுப்பது எல்லாம் என் அக்கா மகன். பூம் வரும்போது "மாமா, தலை!" என்று கத்துவதும் அவன் வேலை. இந்தக் கத்தலுக்காகவே ஒரு இளைஞனைச் சேர்த்துக்கொள்ளலாம்.

சின்னச் சின்ன விஷயங்கள்தான் வலியைக் கூட்டுகின்றன. காற்றின் திசை காட்டும் அம்பு பாய்மர உச்சியில் இருந்தால் நிமிஷத்துக்கு ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பீர்கள். அதையே பாய்மரத்தின் முன்பக்கம், பூமுக்குக் கீழே பொருத்தும் வகை விற்கிறது, அதை வாங்குங்கள். விண்ட்சர்ஃபிங் செய்தவருக்கு அது கூட அதிகம் தேவைப்படாது, காற்று எங்கிருந்து வருகிறது என்று காதும் கன்னமுமே சொல்லிவிடும். நீளமான முனை வைத்த தொப்பி வேண்டாம், அது பூமை மறைக்கும், பார்க்க வேண்டுமென்றால் தலையைத் தூக்க வேண்டியிருக்கும். பின்கழுத்தில் தடிமனான காலர் வைத்த மிதவை உடுப்பும் வேண்டாம். பாயை இழுக்கும் முக்கியக் கயிறு ஓடும் கப்பி ராட்செட் வகையா, அதாவது ஒரு பக்கம் மட்டும் சுழல்வதா என்று கேளுங்கள், இழுவையில் ஒரு பகுதியை அது பிடித்துக்கொள்ளும். ஒரே பக்கம் காற்றை வைத்து நெடுந்தூரம் போனால் கழுத்தும் அவ்வளவு நேரம் ஒரே பக்கம் திரும்பியிருக்கும். தேவை இல்லாவிட்டாலும் அடிக்கடி பக்கம் மாறுங்கள். அப்புறம், படகைத் தள்ளுவண்டியோடு சாய்தளத்தில் மேலே இழுக்கும் வேலை. என்னைக் கேட்டால் கடலில் நடக்கும் எதையும்விட இதுதான் கழுத்துக்கு மோசம். வெட்கப்படாமல் ஆள் கூப்பிடுங்கள்.

இன்னொரு படகு இருக்கிறது, சொன்னால் முகம் சுளிப்பார்கள். ஹன்சா 303. ஆஸ்திரேலியாவில் பிறந்தது, 3.03 மீட்டர் நீளம். படகின் அடிப்பகுதியில் நாற்காலி மாதிரி இருக்கையில் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்து, கால்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு கம்பியால் திருப்பலாம். கயிறுகள் எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் முன்னால் வந்துவிடும். கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டாம், பூம் வந்தாலும் தலைக்கு மேலே போய்விடும். "அது மாற்றுத்திறனாளிகளுக்கானது" என்று ஒருவர் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார், ஏதோ நான் அவமானப்படுவேன் என்பது போல. அவர்களுக்கு உதவும் படகு எனக்கும் உதவினால் என்ன கேடு?

இதையெல்லாம் ஏன் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன் என்றால், விண்ட்சர்ஃபிங்கை விட்டவர்களை எங்கள் கூட்டம் ஓய்வு பெற்றவர்களாகத்தான் பார்க்கிறது. விட்ட பிறகும் அது என்னை விடவில்லை. என் பழைய பாய்மரம், இரண்டு துண்டாகக் கழற்றக்கூடியதுதான், அடுக்குமாடித் தாழ்வாரத்தில் சுவரோரம் சாத்தி வைத்திருந்தேன். யாரோ புகார் கொடுத்து, தீ விபத்து நேரத்தில் இடைஞ்சல் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். சரி, சட்டம் சட்டம்தான். ஆனால் அதே தாழ்வாரத்தில் மூன்று சைக்கிள், ஒரு செருப்பு அலமாரி, முருங்கைக்கன்று வைத்த தொட்டி எல்லாம் இன்றைக்கும் இருக்கின்றன. மெல்லிசான ஒரு கார்பன் குழாய்தான் வழியை அடைக்கப் போகிறதா? இப்போது அது என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. கட்டிலைவிட நீளம், நடக்கும்போது காலில் இடிக்கிறது. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை, தெரியும்.

நான் மருத்துவன் இல்லை. கழுத்து வலி, கையில் மரமரப்பு என்ற அளவில் இருப்பவர்களுக்குத்தான் மேலே சொன்னது, அதுவும் மருத்துவரிடம் காட்டிய பிறகு. சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுகிறது, நடக்கும்போது கால் தள்ளாடுகிறது, கை பலமிழந்துகொண்டே போகிறது என்றால் அது நரம்பைத் தாண்டித் தண்டுவடத்துக்கே நெருக்கடி என்பதன் அறிகுறியாக இருக்கலாம். அப்போது படகைப் பற்றி யோசிக்காதீர்கள், தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

அந்த மாதிரி எதுவும் இல்லையென்றால், பணம் கட்டிப் பயிற்சியில் சேரும் முன் யாருடனாவது இரண்டாவது ஆளாக லேசான காற்றில் ஒரு மணி நேரம் போய் வாருங்கள். அதை ஒருவரை வீடியோ எடுக்கச் சொல்லி உங்கள் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். என்னுடையவர் அதைப் பார்த்த பிறகுதான் பயிற்சிகளையே மாற்றிக் கொடுத்தார். படகில் இருக்கும்போது வலிக்கவில்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மறுநாள் காலை பல் தேய்க்கும்போது கட்டைவிரல் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு அந்தப் படகு வேண்டுமா வேண்டாமா என்று சொல்லுங்கள்.